கடற்கரைக் குடும்பங்களுக்கு உயில் பதிவுச் சேவை: எதுவரை நம்பலாம்?

இராமேசுவரத்திலிருந்து தொண்டி வரை உள்ளவர்கள் சார்பதிவாளர் அலுவலகம் போய் உயிலைப் பதிந்துகொள்ளலாம். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவு கட்டாயமும் இல்லை. இருந்தாலும் பதிந்துவிடுங்கள் என்றே சொல்வோம். எழுதி வைத்தவரே நேரில் வந்து ரேகை வைத்தார் என்ற பதிவு, "இது அப்பா கையெழுத்தே இல்லை" என்று நாளைக்குக் கிளம்பும் வழக்கில் பெரிய துணை. மூலம் தொலைந்தாலும் அலுவலகத்தில் நகல் இருக்கும். நடக்க முடியாதவர் என்றால் மனு கொடுத்து, தனிக் கட்டணம் கட்டி, சார்பதிவாளரை வீட்டுக்கே வரவழைக்கலாம்.

உயில், சார்பதிவாளர் அலுவலகத்தில் உயில்களுக்கென்றே உள்ள 3ஆம் புத்தகத்தில் ஏறும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ தவிர யாருக்கும் நகல் கிடைக்காது. வில்லங்கச் சான்றிலும் வராது. ரகசியத்துக்கு இது நல்லது. ஆனால் உயில் இருப்பதே பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விடும். ஆவண எண், ஆண்டு, அலுவலகம் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

இந்தச் சேவைக்கு ஓர் எல்லை உண்டு. சார்பதிவாளர் ஆள் யாரென்று சரிபார்ப்பார். உள்ளே எழுதியது சட்டப்படி நிற்குமா என்று பார்ப்பது அவர் வேலை அல்ல. அதைப் பத்திரம் எழுதுபவர் பார்த்துக்கொள்வார் என்று நினைக்கிறோம். அவரோ கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரே மாதிரியில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தால்? இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் மூவரும் அடுத்தடுத்த தெருவில் வாழும் இந்தக் கரையில் அது ஆபத்து.

கீழக்கரைப் பக்கம் வீட்டைப் பெண்பிள்ளைக்குக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அதை உயிலில் எழுதுவதுதான் தவறு. சன்னி முஸ்லிம்களுக்கு, அடக்கச் செலவும் கடனும் போக மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் உயில் எழுதினால் வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். வாரிசுக்கே எழுதினால் எவ்வளவு சிறிய பங்கானாலும் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். மகளும் வாரிசுதானே! அண்ணன் தம்பி மறுத்தால் அந்த ஏற்பாடு விழுந்துவிடும். உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாக (இஸ்லாமிய முறைக் கொடையாக) கொடுத்து, மகள் ஏற்று, சுவாதீனமும் (அனுபோகமும்) ஒப்படைத்து, அதைப் பத்திரமாகப் பதிந்துவிடுவதே பாதுகாப்பு. முத்திரைத் தீர்வை செலவாகும், செய்யத் தக்க செலவு.

பாம்பன், தங்கச்சிமடம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வேறு இரண்டு கண்ணிகள். சாட்சி போட்டவருக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ எழுதிய பங்கு செல்லாது. மருமகனைச் சாட்சிக்கு அழைத்துப் போனால் மகளுக்கு எழுதியது போச்சு. உயில் எழுதியபின் திருமணம் செய்தால் அந்த உயிலே ரத்து. இந்துக்களுக்கு இந்த இரண்டு விதிகளும் இல்லை. ஆனாலும் பங்கு பெறுகிறவரைச் சாட்சியாக்கினால் சந்தேகம் வரும்.

பதிந்த உயிலானாலும் வழக்கு வந்தால் ஒரு சாட்சியாவது கூண்டில் ஏற வேண்டும். ஆகவே உங்களைவிட இளையவராக, ஊரிலேயே இருப்பவராகப் பாருங்கள், சபுராளி (பிழைப்புக்கு வெளிநாடு போய் வருபவர்) வேண்டாம்.

சொத்து விவரத்தைப் பழைய பத்திரத்திலிருந்து அப்படியே எழுத விடாதீர்கள். "கிழக்கே கடற்கரை, மேற்கே இன்னார் தென்னந்தோப்பு" என்று இருக்கும். அந்த இன்னார் போய்ச் சேர்ந்து தோப்பும் கைமாறியிருக்கும். இப்போதைய பட்டாவில் உள்ள சர்வே எண், உட்பிரிவு, பரப்பு மூன்றும் உயிலில் வர வேண்டும்.

விசைப்படகு இருந்தால் மீன்வளத்துறைப் பதிவு எண்ணையும் எஞ்சின் எண்ணையும் குறியுங்கள். குறிப்பிட்ட பொருள் இறக்கும்போது கையில் இல்லையென்றால் அந்தப் பங்கு இல்லாமல் போகும். படகு இலங்கையில் பிடிபட்டு நிற்பதும், விற்று வேறு வாங்குவதும் இங்கே நடப்பதுதான். "இந்தப் படகு, இதற்குப் பதிலாக வாங்கும் படகு, இதற்காகக் கிடைக்கும் நிவாரணத் தொகை" என்று மூன்றையும் சேர்த்து ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

மனவளர்ச்சி குன்றிய பிள்ளை இருந்தால் சொத்தை நேராக அந்தப் பிள்ளை பெயரில் எழுதாதீர்கள். 1882ஆம் ஆண்டு அறக்கட்டளைச் சட்டப்படி குடும்ப டிரஸ்ட் அமைத்து, இரண்டு பேரைப் பொறுப்பாளராக்கி, மாதச் செலவுக்கு வழி எழுதுங்கள். இதற்கு வக்கீல் வேண்டும்.

கடலுக்குப் போனவர் திரும்பாமல் உடலும் கிடைக்காவிட்டால், ஏழு ஆண்டு தகவல் இல்லாத பிறகே இறந்ததாகச் சட்டம் அனுமானிக்கும். அதுவரை உயில் பேசாது, நாமினியும் கைகொடுக்க மாட்டார். வீட்டுச் செலவுப் பணத்தையாவது மனைவியோடு கூட்டுக் கணக்கில், இருவரில் யாரும் எடுக்கலாம் என்ற முறையில் போட்டு வையுங்கள்.