8% என்று காட்டி 6,440 ரூபாய் பிடுங்கினார்கள், தீசிஸை வெளியே கொடுக்காதீர்கள்

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ், பைண்டிங், டைப்பிங் மூன்றும் பார்க்கிற கடை. 'பிளேஜியரிசம் 10%க்குக் கீழ் குறைத்துத் தரப்படும்' என்று போர்டு. அதாவது, நம் எழுத்து மற்றவர்கள் எழுதியதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சாஃப்ட்வேர் காட்டும் சதவீதம். பக்கத்துக்கு 35 ரூபாய், 184 பக்கம், 6,440 ரூபாய். 'குறைத்து' என்ற வார்த்தையிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் மானிட்டரை என் பக்கம் திருப்பி, பழைய ரிப்போர்ட் 31%, புது ரிப்போர்ட் 8% என்று கலர் கலராகக் காட்டினார். அங்கேதான் விழுந்தேன்.

முதல் தடவை துணைநூல் பட்டியலையும் சேர்த்து ஓட்டியிருக்கிறார்கள். அடுத்த தடவை அதை விலக்கும் கட்டத்தில் ஒரு டிக், பாதி குறைந்துவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் 2018 விதிப்படி அந்தப் பட்டியல் கணக்கிலேயே வராது! மிச்சத்துக்கு வார்த்தை மாற்றும் மென்பொருள். 'ரேண்டம் ஃபாரஸ்ட்' என்ற கணினிக் கலைச்சொல் எல்லாம் 'இர்ரெகுலர் டிம்பர்லேண்ட்' ஆகிக் கிடக்கிறது. இரண்டாம் அத்தியாயத்தில் ஆங்கில ஏ, ஓ இருந்த இடமெல்லாம் அச்சு அசலாக அதே உருவத்தில் ரஷ்ய எழுத்து, சாஃப்ட்வேர் கண்டுபிடிக்காமல் இருக்க. படித்துப் பார்க்காமல் சமர்ப்பித்தது என் தப்புதான்.

இதைவிடப் பெரிய அடி, ஃபைலைச் சாஃப்ட்வேரின் சேமிப்பில் வைக்காதே என்ற அமைப்பைப் போடாமலே ஓட்டியது. நூலகத்தில் 94% வந்தது. ஏறக்குறைய எல்லாம் ஒரே ஆதாரம், 'மாணவர் கட்டுரை'. அது என் தீசிஸேதான். 60%ஐத் தாண்டினால் பதிவு ரத்து என்பது அதே விதி.

கடையில் போய்க் கேட்டால், "லைப்ரரி சாஃப்ட்வேர் வேற மேடம்." அதே சாஃப்ட்வேர்தான் என்றதும், "கைடுகிட்ட பேசிப் பாருங்க." மறுநாள், "ஓனர் ஊர்ல இல்ல." சேமிப்பிலிருந்து நீக்குவதென்றால் அந்தக் கணக்கு எந்தக் கல்லூரியுடையதோ அங்கிருந்துதான் கேட்க வேண்டும். யாருடைய கணக்கு என்று வாயே திறக்கவில்லை. 6,440 ரூபாயைத் திருப்பிக் கேட்டதற்கு, "வேலைய முடிச்சுக் குடுத்தாச்சே?"

விளக்கமாக எழுதத்தான் நினைத்தேன். நாளைக்குள் துறைக் குழுவுக்குக் கடிதம் கொடுக்க வேண்டும், அதனால் அவசரமாக: கைடு வழியாக நூலகத்திலேயே ஓட்டுங்கள். ஏற்கெனவே வெளியே கொடுத்துவிட்டீர்களா? கண்ணுக்குத் தெரிகிற ஒரு வார்த்தையைக் கண்ட்ரோல் எஃப் போட்டுத் தேடுங்கள், சிக்காவிட்டால் எழுத்தை மாற்றியிருக்கிறார்கள். மொத்தத்தையும் செலக்ட் செய்து கறுப்பாக்குங்கள், வெள்ளை எழுத்து ஒளிந்திருந்தால் வெளியே வரும். பழைய ஃபைலை அழிக்காதீர்கள். பில்லைப் படித்து வாங்குங்கள். என்னுடையதில் 'டைப்பிங் சார்ஜ் 6,440' என்று மட்டும்தான் இருக்கிறது.