குல்மார்க் ஸ்கீ பேக்கேஜ்: மூன்று லட்சம் கொடுத்துப் புல்லைப் பார்த்துவிட்டு வந்த கதை

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சித்தப்பா மகன் காஷ்மீரில் உள்ள குல்மார்க்குக்குப் பனிச்சறுக்கு (ஸ்கீயிங்) டூர் போஸ்டர் ஒன்று போட்டிருந்தான். "கிறிஸ்துமஸ் லீவுக்கு குல்மார்க் ஸ்கீ ஸ்பெஷல், சீட்டுகள் குறைவு." படத்தில் வெள்ளைவெளேரென்ற மலைச்சரிவில் சிவப்பு ஜாக்கெட் போட்ட ஒருவர் பனி தெறிக்கச் சறுக்கிக்கொண்டு வருகிறார். அந்தச் சிவப்பு ஜாக்கெட்காரரை எனக்கு நன்றாகவே தெரியும். 2023இல் எங்களிடம் மூன்று லட்சம் வாங்கிய போஸ்டரிலும் அவரேதான் சறுக்கிக்கொண்டிருந்தார். கம்பெனி பெயர் மட்டும்தான் மாறியிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் எட்டுப் பேர். நான், கணவர், இரண்டு பிள்ளைகள். அக்கா, மாமா, அவர்கள் பிள்ளைகள் இரண்டு. கோயம்புத்தூரில் இருப்பவர்களுக்குக் குளிர் என்றால் ஊட்டி, அதுவும் அதிகாலையில் புல் மேல் படியும் உறைபனி. ஸ்கீயிங் என்பதை டிவியில்தான் பார்த்திருக்கிறோம். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள், மாமாவும் ஐம்பது வயதுக்குள் ஒரு தடவையாவது செய்துவிட வேண்டும் என்றார். செப்டம்பரிலேயே ஒரு ஏஜென்ட்டைப் பிடித்தோம். ஆளுக்கு 38,000 ரூபாய், விமான டிக்கெட் தனி. ஸ்ரீநகரில் ஒரு இரவு, குல்மார்க்கில் மூன்று இரவு, தினமும் ஸ்கீ பயிற்சி, கோண்டோலா என்கிற கேபிள் கார், ஸ்கீ சாமான்கள். நான் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "எல்லாமே இன்க்ளூடட்ங்க மேடம், நீங்க டிரஸ் மட்டும் எடுத்துட்டு வந்தாப் போதும்."

பணம் கட்டும்போது ஒரு தப்பு செய்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 3,04,000. அதில் 1,04,000-ஐக் கம்பெனிக் கணக்கில் போடுங்கள், மீதி இரண்டு லட்சத்தை மேனேஜருடைய ஜிபே நம்பருக்கு அனுப்பினால் 5 சதவீத ஜிஎஸ்டி மிச்சமாகும் என்றார்கள். பத்தாயிரம் ரூபாய் மிச்சம். அனுப்பினேன். அந்தப் பத்தாயிரம் பின்னால் எங்களை எப்படி அலைக்கழித்தது என்பது கீழே வரும்.

டிசம்பர் 23 அன்று ஸ்ரீநகரில் இறங்கினோம். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு மட்டும்தான். ஏஜென்ட் இதைச் சொல்லவே இல்லை. எட்டுப் பேரில் என் கணவரின் போன் ஒன்றுதான் உயிரோடு இருந்தது. மறுநாள் காலை குல்மார்க் புறப்பட்டபோது டிரைவரிடம், செயின் வண்டி எங்கே மாறுவோம் என்று கணவர் கேட்டார். எங்கள் பேக்கேஜில் 'பனிச் சங்கிலி வாகனம், 6,000 ரூபாய்' என்று தனி வரியே இருந்தது. பனி கொட்டிக் கிடந்தால் மலையடிவாரத்துத் தங்மார்கில் நிறுத்தி, டயருக்குச் சங்கிலி கட்டிய உள்ளூர் வண்டிக்கு மாற வேண்டும். அது உண்மைதான். டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து வெளியே காட்டினார். "பனியே இல்லையே சார், சங்கிலியை எதில் கட்டுவது?"

ரோடு காய்ந்து கிடந்தது. ஓரத்தில் பழுப்புப் புல். பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு எங்கேயாவது வெள்ளை தெரிகிறதா என்று தேடிக்கொண்டே வந்தார்கள்.

பனி பெய்யாததற்கு ஏஜென்ட்டைக் குறை சொல்ல மாட்டேன். குல்மார்க்கில் பனி என்பது நம் ஊர் ஐப்பசி மழை மாதிரி. மத்தியத் தரைக்கடல் பக்கமிருந்து கிளம்பி வரும் காற்றழுத்தத் தாழ்வுகள் கொண்டுவந்து கொட்டினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. டிசம்பர் 21 முதல் நாற்பது நாளை அங்கே 'சில்லை கலான்' என்கிறார்கள், கடுங்குளிர்க் காலம். அந்த வருஷம் சில்லை கலான் முக்கால்வாசியும் காய்ந்தே போனது. 2024 ஜனவரியில் மொட்டையாகக் கிடந்த குல்மார்க்கின் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் ஸ்கீயிங்குக்கு நம்பிப் போகக்கூடியது ஜனவரிப் பாதியிலிருந்து பிப்ரவரி முடிய என்பது அந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் தெரியும். ஸ்கூல் லீவு கிறிஸ்துமஸுக்கு வருகிறது, அதனால் ஸ்கீ பேக்கேஜும் கிறிஸ்துமஸுக்கு விற்கப்படுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

தங்மார்கில் வண்டி நின்றது. கோட்டும் ரப்பர் பூட்ஸும் வாடகைக்கு எடுக்கும் கடைகள் அங்கே வரிசையாக இருக்கும், அதற்குத்தான் என்று நினைத்தேன். டிரைவர் டிக்கியைத் திறந்து பெட்டிகளை இறக்கினார். ஹோட்டல் இதுதானாம். ஹோட்டல் பெயரில் குல்மார்க் இருந்தது, நிஜ குல்மார்க் 13 கிலோமீட்டர் தள்ளி, ஐந்நூறு மீட்டர் மேலே. தினமும் ஏறி இறங்க வண்டிக்குத் தனிக் காசு. ஏஜென்ட்டுக்குப் போன் போட்டால், "குல்மார்க் ஏரியாதாங்க மேடம் அது" என்றார். கோவை விமான நிலையத்தை பொள்ளாச்சி ஏரியா என்று சொல்கிற மாதிரி. அறையில் எலக்ட்ரிக் போர்வை இருந்தது, ஆனால் கரண்ட் அடிக்கடி போனது. அக்கா இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அதன்மேல் சேலையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த போட்டோ இன்னும் குடும்பத்தில் ஓடுகிறது.

கோண்டோலா விஷயம் இன்னும் மோசம். இந்தக் கேபிள் கார் இரண்டு கட்டமாகப் போகிறது. முதலாவது கொங்தூரி வரை, ஏறக்குறைய 3,100 மீட்டர் உயரம். இரண்டாவது அபர்வத் மலைமேல் ஏறக்குறைய 3,950 மீட்டர் வரை. அந்த வாரத்தில் பனி என்று சொல்லிக்கொள்ள இருந்தது மேலே அபர்வத்தில்தான். டிக்கெட்டை அரசு கேபிள் கார் கழகத்தின் இணையதளத்தில் முன்கூட்டியே, ஒவ்வொருவர் பெயரும் அடையாள அட்டை விவரமும் கொடுத்துத்தான் எடுக்க முடியும். கிறிஸ்துமஸ் வாரத்து டிக்கெட் எப்போதோ தீர்ந்துவிடுகிறது. செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை ஏஜென்ட் எங்களிடம் ஒரு ஆதார் நம்பர்கூடக் கேட்கவில்லை. அப்போதே உறைத்திருக்க வேண்டும். பெயர் கேட்காதவன் எப்படி டிக்கெட் எடுத்திருப்பான்? நிலைய வாசலில் ஒருவர் மூன்று மடங்கு விலைக்கு வேறு யார் பெயரிலோ இருந்த டிக்கெட்டுகளை நீட்டினார். வேண்டாம் என்று வந்துவிட்டோம். அந்த ஒரு புத்திசாலித்தனம் மட்டும்தான் அந்தப் பயணத்தில் நாங்கள் செய்தது.

சரி, பயிற்சிக்கு வருவோம். மரநிழலில் வெயில் படாமல் பதினைந்து மீட்டர் நீளத்துக்கு ஒரு பனித்திட்டு கிடந்தது. பழைய பனி, உருகி உருகி மறுபடி இறுகி, ஐஸ் பெட்டி ஓரத்தில் பிடித்திருக்குமே, அப்படி. அதுதான் எங்கள் பயிற்சி மைதானம். பயிற்சியாளர் என்று வந்தவர் நல்ல மனிதர். ஆனால் அவர் தொழில் ஸ்லெட்ஜ் என்கிற சறுக்குப் பலகையில் ஆட்களை உட்கார வைத்து இழுப்பது. என் கணவருக்குக் கொஞ்சம் ஹிந்தி வரும், பேச்சுக் கொடுத்ததில் அவரே சொல்லிவிட்டார். எட்டுப் பேருக்கும் ஸ்கீ மாட்டி போட்டோ எடுக்க வைத்து அனுப்ப, மொத்தமாக இரண்டாயிரம் ரூபாய் பேசியிருக்கிறார்கள். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை.

ஆனால் மாமாவுக்கு நடந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஸ்கீ பூட்ஸுக்கு அளவு நம் செருப்புக் கடை நம்பர் இல்லை, பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் அளந்து கொடுப்பது. மாமா ஒன்பதாம் நம்பர் ஷூ போடுபவர். வந்தவர் காலை ஒரு பார்வை பார்த்துவிட்டு 29 என்று போட்டிருந்த ஒன்றை மாட்டிவிட்டார். உள்ளே லொடலொடவென்று ஆடியது. இரண்டு கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்றார்கள். குதிகால் உள்ளே எழும்பினாலே அந்த பூட்ஸ் தப்பு, முழங்காலுக்குக் கீழே எலும்பில் முன்பக்கம் ஒட்டிப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது.

பூட்ஸை ஸ்கீ பலகையோடு பிடித்திருப்பது பைண்டிங். விழும்போது அது தானாக விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் நீளமான பலகை ஒரு பக்கம் திருப்ப, கால் இன்னொரு பக்கம் திருகும். எவ்வளவு விசைக்கு விட வேண்டும் என்பதற்கு முன்னால் ஒரு சின்ன ஜன்னலில் எண் இருக்கும். எடை, உயரம், வயது, பூட்ஸ் நீளம், எவ்வளவு பழகியவர் என்பதையெல்லாம் பார்த்து ஸ்க்ரூட்ரைவரால் திருகி வைக்க வேண்டும். அன்று யார் கையிலும் ஸ்க்ரூட்ரைவரே இல்லை. என் மகள் எடுத்த போட்டோ ஒன்றை ஊருக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தேன். ஜன்னலில் எண் 8. மாமா மாதிரி புதிதாகக் கால் வைப்பவருக்கு ஐந்தை ஒட்டி இருந்திருக்க வேண்டுமாம்.

முன்முனைகளைச் சேர்த்து, பின்னால் விரித்து, பீட்சா துண்டு மாதிரி காலை வைத்தால் வேகம் குறையும் என்பதுதான் ஸ்கீயில் முதல் பாடம். அந்த ஒரு பாடத்தைக்கூட முழுசாகச் சொல்லித் தரவில்லை. மாமா நகர்ந்தார், ஐஸில் வேகம் பிடித்தது, பக்கவாட்டில் உட்கார்ந்தார். பைண்டிங் விடவில்லை. வலது முழங்கால் உள்பக்கம், எலும்புகளை இணைக்கும் லிகமெண்டில் அடி. சத்தம்கூடப் போடாமல், "கழட்டுங்க, இதைக் கழட்டுங்க" என்று மெதுவாகச் சொன்னதுதான் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பயிற்சி மொத்தம் நாற்பது நிமிஷம். மீதி இரண்டு நாள் அவர் தங்மார்க் அறையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கஹ்வா குடித்துக்கொண்டிருந்தார். ஆன்லைனில் எடுத்த பயணக் காப்பீடு இருக்கிறதே என்று தைரியமாக இருந்தோம். உள்ளே சின்ன எழுத்தில் பனி விளையாட்டுகள் சேராது என்று இருந்தது.

ஊருக்கு வந்து பணம் கேட்டபோது ஏஜென்ட் சொன்ன ஒரே வாக்கியம்: "இயற்கைக்கு நாங்க என்னங்க பண்ண முடியும்?" இந்த வாதத்தில்தான் நிறையப் பேர் வாயடைத்துப் போகிறார்கள். நாங்களும் ஒரு மாசம் அப்படித்தான் இருந்தோம். என் கணவரின் நண்பர் ஒரு வக்கீல், அவர்தான் பிரித்துக் காட்டினார். பனிக்குப் பணம் கேட்காதீர்கள். தங்மார்க் ஹோட்டல் இயற்கையா? எடுக்காத கோண்டோலா டிக்கெட் இயற்கையா? பயிற்சியாளர் இல்லாதது இயற்கையா? சங்கிலி கட்டாத வண்டிக்கு வாங்கிய ஆறாயிரம்? இந்த நான்கை மட்டும் எழுதுங்கள் என்றார்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். புகாரைப் பதிந்து கம்பெனிக்கு அனுப்பினார்கள், கம்பெனி கண்டுகொள்ளவில்லை. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஆன்லைனிலேயே மனு. அப்போது இ-தாக்கில் என்ற தளம், இப்போது இ-ஜாக்ரிதி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஸ்ரீநகருக்கு ஓட வேண்டியதில்லை. கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

நோட்டீஸ் போனதும் வந்த பதிலில், "நாங்கள் பெற்றது 1,04,000 மட்டுமே" என்று இருந்தது. பத்தாயிரம் மிச்சம் பிடித்த லட்சணம் இதுதான். மேனேஜர் வேலையை விட்டுப் போய்விட்டாராம், அவர் வாங்கியதற்குக் கம்பெனி பொறுப்பில்லையாம். எங்களைக் காப்பாற்றியது ஒரு வாய்ஸ் மெசேஜ். கம்பெனி நம்பரிலிருந்தே, "ரெண்டு லட்சம் வந்துருச்சுங்க மேடம், பேலன்ஸ் எதுவும் இல்லை" என்று அனுப்பியிருந்தார்கள். நான் எதையும் அழிக்காத சோம்பேறி என்பது முதல் தடவையாகப் பயன்பட்டது. அதைக் கேட்ட பிறகு அவர்களே பேச வந்தார்கள். புறப்பட்டு ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து 95,000 ரூபாயில் முடிந்தது. மாமாவின் ஸ்கேனுக்கும் பிசியோதெரபிக்கும் அதில் ஒரு பங்கு போனது.

இப்போது அந்தப் போஸ்டர். சித்தப்பா மகன் ஏற்கெனவே அட்வான்ஸ் போடக் கை அரிக்க உட்கார்ந்திருந்தான். பிப்ரவரியில் போ, முடியாவிட்டால் அங்கே சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் உள்ள இந்தியப் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனம் பயிற்சி நடத்துகிறது, அதையாவது விசாரி என்றேன். லீவு கிடைக்காதாம். சரி, பணம் போடுவதற்கு முன்னால் அந்த ஆளுக்கு மூன்று கேள்வி அனுப்பு என்று நானே டைப் அடித்துக் கொடுத்தேன். ஹோட்டலின் கூகுள் மேப் இடம் அனுப்புங்கள். கோண்டோலா டிக்கெட் எங்கள் பெயரில் எந்தத் தேதிக்குள் கைக்கு வரும்? பயிற்சியாளர் யார், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், பைண்டிங் சரிசெய்து தருவது யார்?

அனுப்பி இருபது நிமிஷத்தில் பதில் வந்தது. "சார், இன்னைக்கே புக் பண்ணினா ஆளுக்கு ரெண்டாயிரம் டிஸ்கவுண்ட்."