பத்தமடைக் கல்யாணப் பாய்: முப்பத்து மூன்று நாள் தாமதமும் ஒரு விசாரிப்பும்

தங்கை மகளுக்குத் தை மாதத்தில் திருமணம் நிச்சயமானதும், தாய்மாமன் சீரில் மணமக்கள் பெயர் போட்ட பத்தமடைப் பாய் ஒன்று இருக்க வேண்டும் என்று விரும்பி, அவ்வூரில் வீட்டுத் தறியில் நெய்து வாட்ஸ்அப் வழியாக விற்கும் ஒரு குடும்பத்தாரிடம் அக்டோபர் 20ஆம் தேதி சொல்லிவைத்தேன். மூன்றுக்கு ஆறு அடிப் பாயின் விலை 4,800 ரூபாய். அதில் பாதியைக் கூகுள் பேயில் முன்பணமாக அனுப்பினேன். ஒரு மாதத்தில், அதாவது நவம்பர் 20ஆம் தேதிக்குள், அனுப்பிவிடுவதாகச் சொன்னார்கள். பாய் என் கைக்கு வந்தது டிசம்பர் 23ஆம் தேதி. பாய்க்கு ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் தருகிறேன். சேவைக்கு மூன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை.

தாமதத்துக்காக நான் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவியை அடுத்திருக்கும் பத்தமடையில் பாய் எப்படி உருவாகிறது என்று அறிந்தவர்கள், ஐப்பசி, கார்த்திகையில் அவசரப்படுத்த மாட்டார்கள். ஆற்றங்கரைக் கோரையை வெட்டி, மெல்லியதாகக் கீறி, உலர்த்தி, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, மறுபடியும் உலர்த்தி, சாயமேற்றி, அதன் பிறகே நூல் பாவின் ஊடே ஒவ்வோர் இழையாகக் கொடுத்து நெய்கிறார்கள். இவ்வளவுக்கும் வெயில் வேண்டும். வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்யும் மாதத்தில் ஒரு மாதக் கெடு கொடுத்ததே அவர்கள் செய்த முதல் பிழை. சொல்லிவைக்கும்போதே மழையைப் பற்றி நான் கேட்டிருக்க வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு வருத்தம் தந்தது அவர்களுடைய மௌனம். நவம்பர் 20 கடந்தும் ஒரு தகவலும் இல்லை. மூன்று முறை தொலைபேசியில் அழைத்தும் எடுக்கவில்லை. பணம் போய்விட்டது, காவல் நிலையத்தில் புகார் கொடு என்று வீட்டில் சிலர் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நான் ஒரு வாரம் பொறுத்திருந்துவிட்டு, 27ஆம் தேதி காலையில் கீழ்க்கண்டவாறு எழுதினேன். இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவக்கூடும் என்பதால் அதை அப்படியே தருகிறேன்:

"வணக்கம் அம்மா. அக்டோபர் 20ஆம் தேதி மணமக்கள் பெயர் போட்ட மூன்றுக்கு ஆறு அடிப் பாய்க்குச் சொல்லி, 2,400 ரூபாய் அனுப்பியிருந்தேன். பணம் அனுப்பியதற்கான படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். நவம்பர் 20க்குள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தீர்கள். மழையால் வேலை தடைப்பட்டிருக்கலாம் என்று நினைக்கிறேன். பாய் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, எந்தத் தேதியில் அனுப்ப முடியும் என்று இரண்டு நாளில் தெரிவித்தால் உதவியாக இருக்கும். திருமணம் ஜனவரி 28ஆம் தேதி. ஜனவரி 10க்குள் முடியாது என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள். வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன்."

அன்று இரவே குரல்பதிவு வந்தது. "மன்னிச்சிருங்க சார். பத்து நாளா கோரை காயவே மாட்டேங்கு. ஈரத்தோட நெய்ஞ்சா பின்னால கருத்துப்போகும். சொன்னா கோபப்படுவீங்களோன்னு பயந்துட்டு போனை எடுக்காம இருந்துட்டோம்." அவர் குரலில் இருந்த தயக்கத்தைக் கேட்டபோது, இதற்கு முன் எத்தனை பேர் அவரிடம் கடுஞ்சொல் பேசியிருப்பார்கள் என்றுதான் தோன்றியது. "முடியாது என்றாலும் சொல்லுங்கள்" என்ற வரியைப் பார்த்த பிறகே தைரியம் வந்ததாகவும் சொன்னார். டிசம்பர் 20 என்று புதுத் தேதி கொடுத்தார்.

அதன் பிறகு நடந்தவற்றில் ஒரு குறையும் இல்லை. டிசம்பர் இரண்டாம் வாரத்தில் தறியில் இருந்த பாயைப் படமெடுத்து அனுப்பினார். மணமகன் பெயரில் ஒரு மெய்யெழுத்தின் புள்ளி விடுபட்டிருந்ததைக் கண்டு தெரிவித்தேன். நான்கு விரற்கடை அளவுக்குப் பிரித்துவிட்டு மறுபடி நெய்தார்கள். நான் எழுதாமல் சினத்தோடு காத்திருந்தால் அந்தப் படம் வந்திருக்காது. புள்ளியில்லாத பெயரோடுதான் பாய் மணவறைக்குப் போயிருக்கும். டிசம்பர் 19ஆம் தேதி ஸ்பீட் போஸ்டில் சேர்த்துவிட்டு, கண்காணிப்பு எண்ணையும் உடனே அனுப்பினார்.

பாயைச் சுருட்டி, செய்தித்தாள் சுற்றி, மேலே துணி வைத்துத் தைத்திருந்தார்கள். பிரித்தவுடன் காய்ந்த புல்லின் மணம் அறையெங்கும் பரவியது. இழைகள் அவ்வளவு மெல்லியவை. கையால் தடவினால் துணியைத் தடவுவது போலவே இருக்கிறது. மணமகள் பெயரில் வரும் 'ழி' என்ற எழுத்தின் வளைவை, சிவப்புக் கோரையைச் சிறு சிறு படிகளாக ஏற்றி இறக்கிக் கொண்டுவந்திருக்கிறார்கள். இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தால் படிகள் மறைந்து வளைவு மட்டும் தெரிகிறது. பின்புறம் திருப்பினாலும் நூல் முனை எதுவும் தொங்கவில்லை. ஒரு மூலையில் கரைத் துணியின் தையல் மட்டும் சற்றுக் கோணல்.

இந்தக் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. 2020ஆம் ஆண்டு வந்த நுகர்வோர் பாதுகாப்பு இணைய வணிக விதிகளின்படி, இணைய வணிக நிறுவனங்கள் புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அது கிடைத்ததாகப் பதில் தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பதில் இல்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை வாடிக்கையாளர் அழைக்கலாம். நான் அழைக்கவில்லை, அழைக்க விரும்பவும் இல்லை. ஆனால் பணம் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரு வாரம் பொறுத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. நெய்பவருக்குப் போனை எடுக்க நேரமில்லை என்றால், "மழை, கோரை காயவில்லை, பத்து நாள் ஆகும்" என்ற ஒரே வரியை வீட்டில் இருக்கும் பிள்ளைகளில் ஒருவர் தட்டி அனுப்பினால் போதும்.

வாங்க நினைப்பவர்கள், தை மாதத் திருமணத்துக்கு ஆவணியிலேயே சொல்லிவிடுங்கள். பெயர்களைத் தமிழில் தட்டச்சுச் செய்து அனுப்புங்கள். வாயால் சொல்ல வேண்டாம். தறியில் இருக்கும்போதே படம் கேளுங்கள். மீதிப் பணம் 2,400 ரூபாயை அனுப்பியபோது தையல் கோணலைப் பற்றியும் எழுதியிருந்தேன், மறு நிமிடமே பதில் வந்தது: "பாயை அனுப்பிவைங்க சார், தைச்சுத் தாரோம்." கல்யாணம் நெருங்கிவிட்டதால் அனுப்பவில்லை, வீட்டிலேயே பிரித்துத் தைத்துக்கொண்டோம்.