சீல் பிரிக்காத 'முதல் பதிப்பு' என்று விற்கப்படும் ஜாக்சன் 5 கிறிஸ்துமஸ் இசைத்தட்டு: வாங்கும் முன் படியுங்கள்

பழைய இசைத்தட்டுகளை இணையத்தில் வாங்கும் நண்பர்களுக்காக, சென்ற ஆண்டு நான் 140 டாலரைப் பறிகொடுத்த விதத்தை விவரமாக எழுதுகிறேன்.

ஜாக்சன் 5 குழுவின் கிறிஸ்துமஸ் ஆல்பம் 1970 அக்டோபரில் மோட்டவுன் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. ஜாக்கி, டிட்டோ, ஜெர்மைன், மார்லன், மைக்கேல் என்ற ஐந்து சகோதரர்களும் இண்டியானா மாநிலத்தின் கேரி நகரில் வளர்ந்தவர்கள். கடைக்குட்டியாகப் பாடிய மைக்கேலுக்கு அப்போது 12 வயதுதான். சிகாகோவில் என் வீட்டுக்கு அருகிலேயே வசிக்கும் அண்ணனுக்கு அந்தச் சிறுவனின் குரல் என்றால் உயிர். அதனால்தான் '1970 முதல் பதிப்பு, சீல் பிரிக்கப்படாதது' என்ற விளம்பரத்தைக் கண்டதும், செப்டம்பர் மாதத்திலேயே வாங்கி, வந்த பெட்டியைத் திறக்காமல் அலமாரியில் வைத்துவிட்டேன். நான் செய்த பெரிய பிழை அதுவே.

டிசம்பர் 24 அன்று இரவு அண்ணன் பெட்டியைத் திறந்தார். உறையைத் திருப்பிப் பார்த்தவர், பின்பக்கத்தின் வலது கீழ் மூலையில் பிளாஸ்டிக்கின் மேல் ஒட்டியிருந்த வெள்ளை விலைச்சீட்டை நகத்தால் மெதுவாக உரித்தார். அடியில் பார்கோடு இருந்தது. "இது எழுபதுல வந்தது இல்லைடா" என்று மட்டும் சொன்னார். அமெரிக்கக் கடைகளில் பார்கோடு முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டதே 1974 ஜூனில்தான் என்பதால், 1970-இல் அச்சான உறையில் அது இருப்பதற்கு வழியே இல்லை.

சீலைப் பிரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. தட்டின் நடுவே ஒட்டியிருக்கும் லேபிளின் ஓரத்தில், வட்டத்துக்குள் 'பி' எழுத்து அடங்கிய ஒலிப்பதிவு உரிமைக் குறி அச்சிடப்பட்டிருந்தது. ஒலிப்பதிவுகளுக்கு அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் காப்புரிமை கிடைத்தது 1972 பிப்ரவரி 15 முதல்தான். அந்தக் குறி இந்நாட்டுத் தட்டுகளில் வழக்கமானது அதன் பிறகே. தட்டின் மேல் விரல் ரேகைகளும், இரண்டாம் பக்கத்தில் குறுக்காக ஓடிய ஒரு கீறலும் இருந்தன. யாரோ கேட்டுப் பழகிய மறுபதிப்பைப் புதிய பிளாஸ்டிக்கில் சுற்றி விற்றிருக்கிறார்கள்.

விற்பனையாளருக்கு எழுதினேன். சீல் பிரிந்த பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. சீலைப் பிரிக்காமல் லேபிளைப் பார்க்க முடியாது, பிரித்துவிட்டால் பணம் திரும்பாது என்ற இந்த ஏற்பாட்டை நம்பித்தான் மோசடி முழுவதும் நடக்கிறது. கிரெடிட் கார்டு வங்கியும் கைவிரித்துவிட்டது. பில் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்திருக்க வேண்டுமாம். கிறிஸ்துமஸுக்காக முன்கூட்டியே வாங்கி எடுத்து வைப்பவர்கள் இந்தக் கெடுவைத் தவறாமல் நினைவில் கொள்ள வேண்டும்.

உறையின் பின்பக்கத்தை முழுமையாகவும், விலைச்சீட்டு ஏதும் மறைக்காமலும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மறுத்தால் வாங்காதீர்கள். சீல் பிரித்திருந்தாலும் லேபிளின் தெளிவான படத்தைக் காட்டும் விற்பனையாளரே நம்பத் தகுந்தவர். குறுந்தகடு வாங்குவோருக்கும் ஒரு சொல்: மூல ஆல்பத்தில் 11 பாடல்களே உண்டு. மைக்கேல் தனியாகப் பாடி 1973-இல் வெளிவந்த கிறிஸ்துமஸ் மரப் பாடல் பிற்காலப் பதிப்பில் சேர்க்கப்பட்டது. அதைப் பட்டியலில் காட்டிக்கொண்டே '1970-இல் வந்தபடியே' என்று விற்பவரை நம்ப வேண்டாம்.

அந்த விற்பனையாளர் அதே முன்பக்கப் படத்துடன், அதே வாசகத்துடன், இந்த வாரம் 155 டாலருக்கு மீண்டும் ஒரு தட்டைப் பட்டியலிட்டிருக்கிறார். பின்பக்கத்தின் படம் இப்போதும் இல்லை.