ஒரு ஜன்னல், எட்டுப் பேர்: ஸ்கொட்லண்ட்ஸ்பீப்பிள் தளத்தில் மூன்று இரவு

தங்கச்சி கிளாஸ்கோவில் இருக்கிறாள். அவள் மாப்பிள்ளையின் முன்னோர் அயர்லாந்திலிருந்து ஸ்கொட்லாந்துக்குப் பண்ணைக் கூலிக்கு வந்தவர்கள். "அக்கா, பழைய பதிவு வாசிக்க நீங்கதான் சரி" என்று ஸ்கொட்லண்ட்ஸ்பீப்பிள் தளத்தில் காசு கட்டிக் கொடுத்தாள். அது அந்த நாட்டு அரசின் பதிவுத் தளம். பொகவந்தலாவையில் எங்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்து போனிலேயே தேடினேன்.

பேர் தேடுவதற்குக் காசில்லை. மூலப் பக்கத்தின் படத்தைத் திறக்கத்தான் கிரெடிட், அதாவது காசு கட்டி வாங்கும் புள்ளி, வேண்டும். 30 கிரெடிட் 7.50 பவுண், குடிசனக் கணக்கெடுப்புப் பக்கம் ஒன்றுக்கு 6 போகும்.

முதல் இரவு ஒன்றும் கிடைக்கவில்லை. அயர்லாந்துப் பெயர்களைக் கணக்கெடுப்பாளர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். எங்கள் அப்பாயி பெயரும் மூன்று பதிவில் மூன்று விதமாகத்தான் இருக்கிறது. எழுத்து மாறி வரும் பெயர்களையும் சேர்த்துத் தேடும் வசதியைப் போட்டதும் வந்துவிட்டது: 1861 கணக்கெடுப்பு, விக்டன்ஷயர். ஸ்கொட்லாந்தில் அயர்லாந்துக்குக் கிட்டக் கிடக்கும் கரை அது.

அந்தப் பக்கத்தை எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தேனோ! தகப்பன் பண்ணைக் கூலி. மூத்த மகளுக்கு 14 வயது, அவளுக்கும் வயல் வேலை. அவளுக்குக் கீழே நாலு பிள்ளைகள், அப்புறம் ஊர்க்காரர் ஒருவர் தங்கியிருக்கிறார். தாயின் தொழில் கட்டம் வெறுமையாக இருக்கிறது. எட்டுப் பேருக்குச் சமைத்தவள்! கடைசிக் கட்டத்தில், ஜன்னல் உள்ள அறைகள் எத்தனை என்ற இடத்தில், 1 என்று போட்டிருக்கிறது. ஸ்கொட்லாந்தில் அந்தக் கேள்வியை 1861இல்தான் முதலில் கேட்டார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஏழு பேராக வளர்ந்த எனக்கு, யார் எந்த மூலையில் படுத்திருப்பார்கள் என்பதுகூடக் கண்ணில் தெரிந்தது.

பிறந்த இடத்தையும் கவனித்து வாசியுங்கள். பிள்ளைகளுக்கு ஸ்டோனிகேர்க், இஞ்ச், கேர்க்கம் என்று வேறு வேறு ஊர்கள். பண்ணை வேலைக்கு அங்கே தவணை உண்டு. குடும்பக்காரனுக்குப் பெரும்பாலும் ஒரு வருடம். வீடு பண்ணைக்காரனுடையது. தவணை முடிந்து வேலை போனால் வீடும் போகும், சட்டி பானையோடு அடுத்த பண்ணைக்கு நடக்க வேண்டியதுதான். தேயிலைத் தோட்டத்தில் பேர் இல்லாவிட்டால் தோட்டம் தரும் லய வீடும் இல்லை என்று அம்மா பயந்து பயந்து வாழ்ந்தது எனக்கு நினைவுக்கு வந்தது.

தாய் தகப்பனுக்கு மட்டும் 'அயர்லாந்து' என்று ஒரே சொல். ஸ்கொட்லாந்துக்கு வெளியே பிறந்தவர்களுக்கு நாட்டின் பெயர் போதும் என்பது அப்போதைய விதி. ஊர் பெயர் கிடைக்கும் என்று காத்திருந்த தங்கச்சி மாப்பிள்ளைக்குப் பெரிய ஏமாற்றம். எங்கள் பாட்டன் பதிவிலும் 'இந்தியா' என்றுதான் இருக்கிறது. எந்தக் கிராமம் என்று கேட்க இன்று யாரும் உயிரோடு இல்லை.

நிலமில்லாத கூலியின் வீட்டைக்கூட ஜன்னல் எண்ணி எழுதி வைத்து, அதை எங்கிருந்தும் பார்க்க விடுகிறார்கள். கொடுத்த காசு தகும்.

இன்னும் 24 கிரெடிட் இருக்கிறது. அடுத்து 1851 கணக்கெடுப்பு. அந்த வருடம் ஸ்கொட்லாந்தில் இருந்தவர்களில் அயர்லாந்தில் பிறந்தவர்கள் மட்டும் 2 இலட்சத்து 7 ஆயிரம் பேர். மூத்தவளுக்கு அப்போது நாலு வயது. அவள் பெயரை வைத்துத் தேடப் போகிறேன்.