இரும்பைச் சர்க்கரையில் பொதிந்த ஊசிமருந்து: ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ்

இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் ஊசிமருந்தை, மகப்பேற்றுக்குப் பின் என் தங்கைக்கு ஏற்றியபோது உடனிருந்து பார்த்தேன். இதன் சிறப்பெல்லாம் இரும்பைச் சுற்றியுள்ள சர்க்கரை உறையில்தான் இருக்கிறது.

இரும்பைத் தனி அயனியாக இரத்தத்தில் விட்டால் அது செல்களைச் சிதைக்கும் நஞ்சாகிவிடும். ஆகவே சில நானோமீட்டர் அளவே உள்ள இரும்பு ஹைட்ராக்சைடு துகளை, மாவுச்சத்திலிருந்து கிடைக்கும் மால்டோடெக்ஸ்ட்ரினிலிருந்து செய்த கார்பாக்சிமால்டோஸ் என்னும் சர்க்கரைச் சங்கிலிகளால் பொதிந்து வைத்திருக்கிறார்கள். இந்தப் பொதி இரத்தத்தில் எளிதில் அவிழாது. கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றிலுள்ள மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு செல்கள் அதை விழுங்கி, உறையைப் பிரித்து, இரும்பைச் சிறிது சிறிதாக இரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்லும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்திடம் ஒப்படைக்கின்றன. எஞ்சியது ஃபெரிட்டின் என்னும் புரதத்தில் சேமிப்புக்குப் போகிறது.

பொதி இறுக்கமாக இருப்பதால், உடல் எடை இடம் கொடுத்தால், 1000 மில்லிகிராம் இரும்பை 15 நிமிடத்தில் ஒரே தடவையில் ஏற்றிவிடலாம். நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ள இன்னொரு இரும்பு ஊசிமருந்தான இரும்பு சுக்ரோஸில் வழக்கமாக ஒரு தடவைக்கு 200 மில்லிகிராம்தான். அதே அளவை எட்ட ஐந்து முறை மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். கைக்குழந்தையோடு இருப்பவளுக்கு இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ள நிலையில், இம்மருந்தின் விலை சுக்ரோஸைவிடக் கணிசமாகக் கூடுதலாக இருப்பது எனக்கு வருத்தமே.

மருந்து கரும்பழுப்பு நிறமுடையது. நரம்பிலிருந்து கசிந்தால் தோலில் மாதக்கணக்கில் கறை நிற்கும் என்பதால், செவிலியர் முதலில் வெறும் சலைனைச் செலுத்தி, ஊசி முனையைச் சுற்றி வீக்கம் இல்லை என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே மருந்துக் குழாயைத் திறந்தார். ஏற்றி முடித்தபின் அரைமணி நேரம் ஒவ்வாமை வருகிறதா என்று படுக்கையிலேயே வைத்துக் கண்காணித்தார்கள். இவ்விரண்டிலும் எந்த மருத்துவமனையும் அவசரம் காட்டக் கூடாது.

என் முதன்மையான குறை, எலும்பின் உறுதிக்குத் தேவையான பாஸ்பேட் என்னும் தாது உப்பைப் பற்றியது. இம்மருந்து எஃப்ஜிஎஃப்23 என்னும் ஹார்மோனைக் கூட்டுவதால் சிறுநீரகம் பாஸ்பேட்டை வெளியேற்றிவிடுகிறது. 2020இல் வெளியான இரண்டு ஆய்வுகளில், இதைப் பெற்றவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குப் பாஸ்பேட் குறைந்தது. வேறொரு சர்க்கரையில் பொதிந்த ஃபெரிக் டெரிசோமால்டோஸைப் பெற்றவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே அது நேர்ந்தது. உள்ளே இருப்பது இரும்புதான் என்றாலும், எந்தச் சர்க்கரையில் பொதிகிறோம் என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது. பெரும்பாலோருக்கு இக்குறைவு தானே சரியாகிவிடும். திரும்பத் திரும்ப ஏற்றிக்கொள்பவர்களுக்கு எலும்பு மென்மையாகும் அபாயம் உண்டு.

கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் இது வேண்டாம். மகப்பேற்றுக்குப் பின்னோ, மாதவிடாய் மிகுதியாலோ இரும்பிழந்தவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மறுமுறை ஏற்றச் சொன்னால் மட்டும், அதற்கு முன் பாஸ்பேட் அளவையும் சோதிக்கும்படி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.