நாராவில் நியோ சிலை வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

ஒசாகாவில் வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பும் முன், அப்பாவுக்காக நியோ சிலைகள் ஒரு ஜோடி வாங்கினேன். ஆளுக்கு ஒரு சாண் உயரம். 28,000 யென். நன்றாக ஏமாந்தேன்.

நியோ என்பவர்கள் ஜப்பானியப் புத்தர் கோயில்களின் வாயிற்காவலர்கள், நம் துவாரபாலகர்கள் மாதிரி. நாரா தோடாய்ஜி கோயிலின் தெற்குப் பெருவாசலில் எட்டு மீட்டருக்கு மேல் உயரமாக இருவர் நிற்கிறார்கள். உன்கெய், கைகெய் என்ற சிற்பிகள் தங்கள் ஆட்களோடு 1203-இல் 69 நாளில் செய்து முடித்தது. ஆயிரக்கணக்கான மரத்துண்டுகளை இணைத்த வேலை. வாய் திறந்தவர் அக்யோ, வாய் மூடியவர் உன்க்யோ.

அதைப் பார்த்த மயக்கத்தோடு கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் பெட்டியைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார். ஹினோகி மர வாசனை கமகமவென்று வந்தது. அட்டையில் 'ஜுஷி' என்று போட்டிருந்தது. அந்தச் சொல்லின் முதல் எழுத்துக்கு மரம் என்று பொருள். எனக்குத் தெரிந்ததும் அது ஒன்றுதான். சரி, மரம்தான் என்று பணத்தைக் கொடுத்துவிட்டேன். ஜுஷி என்றால் ரெசினாம், அதாவது அச்சில் ஊற்றி வார்க்கும் பிளாஸ்டிக் மாதிரியான பொருள்! வாசனை வந்தது சிலையைச் சுற்றித் திணித்திருந்த மரச்சுருளில் இருந்து.

இதைக்கூட நானாகக் கண்டுபிடிக்கவில்லை. வீடியோ காலில் காட்டியபோது அப்பா கேட்டார்: "என்னடா, ரெண்டு பேரும் வாயைத் திறந்துட்டு நிக்கிறாங்க?" இரண்டுமே அக்யோ! பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு பீடத்திலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி மர வெடிப்பு. அடியில் ஒட்டியிருந்த பச்சைத் துணியை நகத்தால் கிளப்பினேன். உள்ளே சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளை வெளேர். மரமாக இருந்தால் அங்கே ரேகை தெரிந்திருக்கும். அக்குளுக்குள் அச்சின் விளிம்பு முடி போல ஓடுகிறது. கையில் எடுத்தவுடனேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்: ஹினோகி இலேசான மரம், இது கல்லாகக் கனத்தது.

வெண்கலத்திலும் இதே கூத்து உண்டு. 'புரோன்சு-சோ' என்றிருந்தால் வெண்கலம் போன்றது என்றுதான் அர்த்தம். நகத்தால் சுண்டிப் பாருங்கள். ரெசின் 'டொக்' என்னும். 'கிபோரி-ஃபூ' என்றாலும் மரச்செதுக்கு மாதிரி, அவ்வளவே. ரெசினே மட்டம் என்று நான் சொல்லவில்லை. ரெசின் விலைக்கு விற்றால் நானே வாங்குவேன்.

திரும்பப் போனேன். கடைக்காரர் இடுப்பு வளையக் குனிந்து மன்னிப்புக் கேட்டார், பணம் மட்டும் வரவில்லை. ஜப்பானின் நுகர்வோர் உதவி எண் 188. கூப்பிட்டேன். கடைக்கு நேரில் போய் வாங்கிய பொருளை மனம் மாறித் திருப்ப 'கூலிங் ஆஃப்' உரிமை கிடையாதாம். பொய் சொல்லி விற்றிருந்தால் பேசிப் பார்க்கலாம் என்றார்கள். ரசீதிலும் தெளிவாக ஜுஷி.

கடைசியில் ஒரு அக்யோவை வாங்கிக்கொண்டு உன்க்யோ ஒன்றைக் கொடுத்தார்கள். இவர் ஜோடியைவிட அரை அங்குலம் குள்ளம், நிறமும் ஒரு சாயல் சிவப்பு. அடியில் அதே பச்சைத் துணி.